தரையைப் பார்க்காமல் விழுந்தவர்

என்ன வேலை என்று கேட்டால் அவளிடமிருந்து சட்டென்று பதில் வராது. "பசங்களுக்கு வகுப்பெடுக்குறேன்" என்பாள். என்ன வகுப்பு என்று இன்னும் தோண்டிக் கேட்டால்தான், "விழுறதுக்கு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். விழுவதற்கு எதற்கு டீச்சர், ஒரு வாழைப்பழத் தோல் போதாதா என்று ஒரு விருந்தில் யாரோ கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக் குலுங்கினார். "விழுறதுக்குத் தோல் போதுங்க. திரும்ப எழுந்திருக்கத்தான் டீச்சர் வேணும்" என்றாள். அதற்கப்புறம் விருந்து முடியும்வரை அந்த மனிதர் அவள் இருந்த பக்கமே வரவில்லை.

அவள் வேலை பார்த்த நடிப்புப் பள்ளி, குழாய்களும் கைகழுவும் தொட்டிகளும் விற்கிற ஒரு கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ஒரு அறையிலிருந்து அழுகை கேட்கும். அடுத்த அறையில் யாரோ யாரையோ துரோகி என்று கத்திக்கொண்டிருப்பார்கள். முதன்முதலாக மேலே வருகிறவர்கள் பாதிப் படியில் நின்று, போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிப்பதுண்டு. வசனத்துக்கு ஒரு அறை, கேமரா முன்னால் நிற்கப் பழகுவதற்கு ஒரு அறை, கடைசியில் மெத்தை அறை. முன்பு கடையின் கிடங்காக இருந்த இடம் அது. தரையில் நீல ரப்பர் மெத்தைகள், ஓரம் பிய்ந்து டேப் ஒட்டியவை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எத்தனை ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாத கால் வாடை. அங்கேதான் பதினாலு வருஷமாக அவள் வகுப்பெடுத்தாள். படிக்க வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மெத்தையக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சினிமாவில் குண்டடிபட்டு விழ வேண்டும். நாடகத்தில் மயங்கி விழ வேண்டும். சீரியலில் வாரம் ஒரு முறையாவது கன்னத்தில் அறை வாங்கி விழ வேண்டும். விழத் தெரியாமல் விழுந்தவர் மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார், அவர் வேஷத்தை வேறு யாராவது போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் அவளிடம் மூன்றே மூன்று பாடங்கள். முதல் பாடம், கையை ஊன்றாதே. ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தாடையை நெஞ்சோடு சேர், மூச்சை விடு, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்று சதையுள்ள இடங்களை வரிசையாகத் தரைக்குக் கொடு. இரண்டாவது, பக்கத்தில் ஒருவர் விழும்போது எட்டிப் பிடிக்காதே. பிடித்தால் அவர் உடம்பு திருகிக்கொள்ளும், நீயும் சேர்ந்து விழுவாய், இரண்டு பேருக்கும் அடிபடும். மூன்றாவது, விழுந்ததும் துள்ளி எழாதே. தரையிலேயே கிடந்து மூன்று எண்ணு. எங்கே வலிக்கிறது என்று உடம்பு சொல்லட்டும், அப்புறம் எழுந்திரு.

இந்த மூன்றையும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்ததில், பதினாலு வருஷத்தில் அந்த மெத்தையில் யாருக்கும் ஒரு சுண்டுவிரல்கூட முறிந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு உடம்பு கீழே போவதைப் பார்த்தாலே அதில் எது நிஜம், எது நடிப்பு என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். இங்கே சொல்ல வந்தது அவள் தப்பாகப் பார்த்த ஒரு விழுதலைப் பற்றி. விழுந்தவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்.

அவர் எப்படி வந்தார் என்பதற்கு முன்னால் அவள் எப்படி விழ ஆரம்பித்தாள் என்று சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் அவளுக்கு, படப்பிடிப்புகளுக்கு உடை தைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் பித்தான் வைக்கும் வேலை. ஒரு நாள் உடையைக் கொடுக்கப் போன இடத்தில், கதாநாயகிக்குப் பதிலாகப் படியில் உருள வேண்டிய பெண் வரவில்லை. இவளும் அதே உயரம், அதே ஒல்லி. "நீ உருளுறியா?" என்று கேட்டார்கள். "உருண்டா துணி கிழியும். அதையும் நான்தான் தைக்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் உருண்டாள். அன்று தொடங்கி பதினோரு வருஷம் மற்றவர்களுக்காக விழுந்தாள். மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடும் வண்டியிலிருந்து. ஒரு படத்திலும் அவள் முகம் வந்ததில்லை. அவளுடைய அம்மா மட்டும் தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "அந்த முதுகு என் பொண்ணோடது" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் ஒரு அச்சகத்துக்கு முன்னால் தெருவில் படப்பிடிப்பு. தள்ளுவண்டியிலிருந்து அவள் விழ வேண்டும். ஏழு தடவை விழ வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூடி நின்ற கூட்டம் கைதட்டியது. ஏழாவது முடிந்து அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்தபோது, அச்சகத்திலிருந்து தலைமுடியெல்லாம் காகிதத் துணுக்கோடு ஒரு ஆள் வந்தார். அங்கே தாள் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவர்.

"அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள், பழக்கத்தில்.

"அப்ப முழங்கையில என்ன, சிவப்பு மையா?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். சரியாக விழுந்தாயா என்று கேட்பார்கள், இன்னொரு தடவை முடியுமா என்று கேட்பார்கள். அடிபட்டதா என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று பிற்பாடு தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். இடுப்பெலும்பில் ஒரு முறை பலமாக அடிபட்டு சினிமாவை விட்டபோது, "விழுறதை விட்டுட்டா என்ன, விழ வைக்கலாமே" என்று இந்த நடிப்புப் பள்ளியைக் காட்டிவிட்டவரும் அவர்தான்.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏதாவது குசும்பாகச் சொல்லுவார். இருபத்தாறு வருஷம் ஒரே அச்சகம், ஒரே மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பித்தானைச் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அவருடைய பத்து விரலும் பத்திரமாக இருந்தன. தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வருவார், ஆனால் மேலே ஏறி வந்ததே இல்லை. மேலே எல்லாரும் சத்தம் போடுகிறார்கள் என்பார். கீழே குழாய்க்கடை ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். எந்தக் குழாய் என்ன மாடல் என்று கடைக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என்னை மிஷின்லேருந்து கவுன்டருக்கு மாத்திட்டாங்க" என்றார்.

"ஏன்?"

"பதவி உயர்வு. இனிமே உக்காந்த எடத்துலயே வேலை."

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு போன் போட்டுச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள், மெத்தை அறையிலும் சொன்னாள். அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பழைய பனியனும் மகள் விட்டுப்போன தொளதொள விளையாட்டுக் கால்சட்டையுமாக மெத்தை அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, வழி தப்பிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். சேர வந்திருக்கேன்."

வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. "விளையாடாதீங்க. என்ன விஷயம்?"

"அச்சகத்து ஆண்டு விழாவுல நாடகம் போடுறோம். எனக்கும் ஒரு வேஷம் குடுத்திருக்காங்க. ரெண்டாவது காட்சியிலயே செத்து விழுந்துடணும்."

"வசனம்?"

"வசனமே கெடையாது. அதனாலதான் ஒத்துக்கிட்டேன்."

அவள் நம்பினாள். ஏன் நம்பினாள் என்று பிற்பாடு தன்னைத் தானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். குளிக்கும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுக்காத மனிதர் ஐம்பத்தி நாலு வயதில் நாடகத்தில் சாக ஆசைப்படுகிறார் என்றால் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா? ஆனால் அந்தக் கட்டடத்தில் அவள் பார்த்ததெல்லாம் அதைத்தான். வங்கிக்காரர் வந்தார், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் வந்தாள், ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் வந்தார். ஆசை யாரையும் எந்த வயதிலும் பிடிக்கும். விழக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் நடிக்கத்தான் வருகிறார்கள். நடிப்பதற்கு இல்லாமல் சும்மா விழுவதற்காகவே ஒருவர் கற்றுக்கொள்ள வருவார் என்பது, பதினாலு வருஷம் அந்த அறையில் இருந்தவளுக்குத் தோன்றுகிற விஷயமே இல்லை.

வாரம் இரண்டு நாள் வந்தார். ஒரு வகுப்பும் தவறவில்லை. மற்றவர்களைப் போலவே அவரையும் வாட்டி எடுத்தாள், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே. புருஷனென்று சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அவரிடம் ஒரே குறைதான். விழுவதற்கு முன்னால் கண் கீழே போய் இடத்தைத் தேடிவிடும்.

"தரையைப் பாக்காதீங்க. சாகப்போறவனுக்கு எங்க விழப்போறோம்னு தெரியுமா?"

"தெரிஞ்சா நல்லா இருக்கும்ல?"

"தெரியக் கூடாது. மறுபடி."

அவர் கேட்கிற சந்தேகங்களும் விநோதமாக இருக்கும். படியில் இறங்கும்போது விழுந்தால் எப்படி? ஈரத்தரையில்? பக்கத்தில் மேஜை முனை இருந்தால்? கையில் சூடான டம்ளர் இருந்தால் முதலில் அதை என்ன செய்வது? அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகச் செய்து காட்டினாள். குளியலறை போல இடுக்கான இடத்தில் எப்படி விழுவது என்று கேட்டபோதுதான் பொறுமை போய்விட்டது. "உங்க நாடகத்துல எத்தனை எடத்துலங்க சாவீங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் அவள் கவனித்தாள், கவனித்தும் விட்டுவிட்டாள். நடக்கும்போது அவருடைய வலது கை வீசியது, இடது கை வீசவில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா கூட வந்தது. "இடது கையை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கேலி செய்தாள். மறு வகுப்பிலிருந்து அவர் அந்தக் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தார். ஒரு உடம்பு எதை மறைக்கிறது என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், தன் வீட்டு உடம்பு ஒரு கையையே ஒளித்துவைப்பதைப் பார்த்து, ஸ்டைல் பழகுகிறார் என்று நினைத்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் வரும்.

ஒன்பதாவது வாரம் அது நடந்தது. அவள் நடுவில் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூலைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். திரும்பினவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பாதி உடம்பு மெத்தையில், பாதி வெறுந்தரையில். கையை ஊன்றவில்லை. தாடை நெஞ்சோடு சேர்ந்திருந்தது. கண் தரைப் பக்கம் போகவே இல்லை.  பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள்.

"பாத்தீங்களா? இதைத்தான் ரெண்டு மாசமா தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன். தரையைப் பாக்கவே இல்ல. விழப்போறோம்னு அவருக்கே தெரியாத மாதிரி விழுந்தாரு பாருங்க!"

அவர் அசையாமல் கிடந்தார். மூன்று எண்ணுகிற நேரம் போனது, பத்து எண்ணுகிற நேரமும் போனது.

"மூணுதான் எண்ணச் சொன்னேன், தூங்கச் சொல்லல" என்றாள். மறுபடி சிரிப்பு. அவர் மெதுவாக ஒருக்களித்து, முட்டி போட்டு, எழுந்தார்.

"இன்னொரு தடவை செய்ங்க. பின்னாடி நிக்கிறவங்களும் பாக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். "இப்ப வராது" என்றார்.

"இப்பத்தானே வந்துச்சு? செய்ங்க."

செய்தார். மூலைக்குப் போய், திரும்பி, விழுந்தார். கண் முன்கூட்டியே கீழே போய்விட்டது, முழங்கால் மடங்குவதற்குள் தோள் தயாராகிவிட்டது. அவள் உச்சுக்கொட்டினாள். "போச்சு. பழையபடி தரையைப் பாத்துட்டீங்க. முன்ன செஞ்சது குருட்டாம்போக்குல வந்திருக்கு."

"ஆமா" என்றார் அவர், தரையில் இருந்தபடியே. "அது தானா வந்துச்சு."

அடுத்த வகுப்புக்கு மட்டும் அவர் வரவில்லை, கவுன்டரில் வேலை என்றார். வகுப்பில் நடப்பதையெல்லாம் ஒரு கேமராவில் பதிவு செய்து, மறு வகுப்பில் பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பது அந்தப் பள்ளி வழக்கம். யார் எங்கே பிசகினார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். அன்று அவள் ஆசையாசையாக எடுத்துப் போட்டது அந்த விழுதலைத்தான். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மெதுவா ஓட்டுறேன். மொதல்ல காலைப் பாருங்க."

காலைப் பார்த்தார்கள். வலது கால் திரும்பிவிட்டது. இடது கால் தரையை விட்டு எழும்பவில்லை. எழும்பப் பார்த்து, துடித்து, ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எந்த நடிகரும் விழுவதற்கு இப்படி ஆரம்பிப்பதில்லை.  இன்னும் நாலு ஃப்ரேம் தள்ளினாள். மூச்சை விட்டிருக்க வேண்டிய இடத்தில் நெஞ்சு விம்மி அப்படியே நின்றிருந்தது. இன்னும் இரண்டு ஃப்ரேம் தள்ளி முகத்தில் நிறுத்தினாள்.

அந்த முகத்தை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். சினிமாவில் அவளோடு விழுகிற வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, மூன்றாவது மாடி உயரத்தில் கயிறு நழுவியபோது. அதில் பயம்கூட இருக்காது, பயப்பட நேரமிருக்காது. தன் உடம்பு தன் சொல்லைக் கேட்கவில்லை என்கிற திகைப்பு மட்டும்தான். அதை நடிக்க முடியாது. எத்தனையோ பெரிய நடிகர்கள் முயன்றதை அவள் பார்த்திருக்கிறாள், வராது.

ரிமோட்டை மறுபடி அழுத்தினாள், படம் ஓடியது. டிவியின் ஓரத்தில் அவளே சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா?" என்றாள் பல் ஆஸ்பத்திரிப் பெண்.

"இன்னைக்கு இவ்வளவுதான்" என்று ரிமோட்டை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினாள்.

அச்சகம் பத்து நிமிஷ நடை. உள்ளே போனதும் முதலில் பார்த்தது வெட்டும் மிஷினை. அதில் வேறு ஒருவர் நின்றிருந்தார். மேற்பார்வையாளர் அவளைத் தெரிந்தவர், எழுந்து வந்தார்.

"நாடகம் என்னைக்குங்க?" என்று கேட்டாள். தெரிந்தே கேட்டாள்.

"என்ன நாடகம்?"

"ஆண்டு விழாவுல."

"நமக்கு ஏதும்மா ஆண்டு விழா? இருக்குற வேலைக்கே ஆள் இல்ல." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உங்ககிட்ட சொல்லலையா? கை நடுங்குதுன்னு அவரே வந்து சொல்லி மிஷினை விட்டு எறங்கிட்டாரு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 'இது என் விரல் மட்டும் இல்ல, பக்கத்துல நிக்கிறவன் விரலும்'னு சொன்னாரு."

கவுன்டரில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். இடது கை மேஜைக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தவர், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். இருவரும் பின்பக்கம் காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போனார்கள். அவர் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

"என்ன நோய்?"

"நடுக்குவாதம். அதுலயே ஒரு வகையாம். இதுல விழுறது சீக்கிரமே வந்துடும்னு டாக்டர் சொன்னாரு. எப்ப விழுவேன்னு கேட்டேன். அதை யாரும் சொல்ல முடியாது, ஆனா விழுவீங்கன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "விழாம பாத்துக்குங்கன்னும் சொன்னாரு. அது எப்படின்னு அவருக்கும் தெரியல" என்றார்.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் சேர்ந்து வந்ததால் கத்தவும் முடியவில்லை. "அஞ்சு மாசம்! பதவி உயர்வுன்னீங்க, ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன். நாடகம்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"சொல்லணும்னு மொத நாளே நெனச்சேன்."

"அப்புறம்?"

"சொன்னா நீ புடிப்ப" என்றார். "போற எடமெல்லாம் பின்னாலயே வந்து கையைப் புடிப்ப. கத்துக் குடுக்கமாட்ட. எனக்கு விழக் கத்துக்கணும்மா. ஊருக்கே விழக் கத்துக் குடுக்குறவ வீட்டுல இருக்கா, நான் வேற யாருகிட்டப் போறது?"

 வெளியே மிஷினின் கத்தி இறங்கி ஏறுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு வகுப்பில் கிடந்தாரே பத்து எண்ணுகிற நேரம், அது அவளுக்கு இப்போதுதான் முழுசாக வந்து சேர்ந்தது.

"அன்னைக்கு விழுந்தப்ப" என்றாள், "அடிபட்டுச்சா?"

அவர் சட்டையை இடுப்புக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வெறுந்தரையில் பட்ட இடம் கையகலத்துக்குக் கன்றிப்போய், ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அவள் அந்தக் காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை செய்யச் சொன்னேனே" என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவர் நடுங்குகிற கையையே எடுத்து அவள் தலையில் வைத்தார். மறைக்காமல் அவர் அந்தக் கையை வெளியே எடுத்தது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. மறுநாளிலிருந்து அவள் பிடித்தாள். கட்டிலிலிருந்து எழும்போது பிடித்தாள், குளியலறை வாசலில் காவல் நின்றாள், தெருவில் முழங்கையை விடவே இல்லை. வகுப்புக்கு வர வேண்டாம் என்றாள். வீட்டில் விரிப்புகளைச் சுருட்டினாள், மேஜை முனைகளுக்குப் பழைய துணியைச் சுற்றினாள். மகள் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா வீட்டுல இருக்காரா, மியூசியத்துல இருக்காரா?" என்று கேட்டாள்.  இப்படிப் போன மூன்று வாரத்தில் அவர் முதுகு வளைந்துபோனதை அவள் பார்த்தாள். நோய் அவ்வளவு வேகமாக வளைக்காது என்று டாக்டரும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசல் படியில் ஒரு நாள் அவர் கால் ஒட்டிக்கொண்டது. அவர் சாயத் தொடங்கினார். தாடை நெஞ்சுக்குப் போனது, இடுப்பு திரும்பியது, எல்லாம் பாடம் கேட்டபடி. அவள் பாய்ந்து பிடித்தாள். பிடித்த கணமே அவர் உடம்பு எதிர்ப்பக்கம் திருகியது, இவள் கால் படியில் வழுக்கியது, இருவரும் சேர்ந்து நாலு படி உருண்டார்கள். பதினோரு வருஷம் சினிமாவில் உருண்டவள் முழங்கையை உரசிக்கொண்டு கீழே கிடந்தாள். அவருக்கு நெற்றியில் காயம். ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"ரெண்டாவது பாடம், டீச்சர்" என்றார் அவர், படுத்தபடியே. "புடிக்கக் கூடாது."

அவள் சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தன் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு, அவரைக் கட்டுப் போட உள்ளே கூட்டிப்போனாள். மறு செவ்வாய்க்கிழமை மதியம், துவைத்து மடித்த பனியனையும் தொளதொளக் கால்சட்டையையும் அவர் பக்கத்தில் வைத்து, "வகுப்புக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து மறுபடி வந்தார். காரணம் இப்போது வகுப்புக்கே தெரியும். யாரும் கைதட்டவில்லை. அவர் விழுந்தால் எல்லாரும் வாய்விட்டு மூன்று எண்ணினார்கள். அவர் எழுந்ததும் அடுத்த ஆள் வந்து விழுந்தார். தரையைப் பார்க்காதே என்று மட்டும் அவரிடம் அவள் சொல்வதை நிறுத்தினாள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், எங்கே இடமிருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பதினாலு வருஷத்தில் அவள் மாற்றிச் சொன்ன ஒரே பாடம் அது.

மெத்தையில் அவர் விழுவதைப் பார்ப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. மெத்தை இருக்கிறதே. வீட்டில்தான் பிடிக்காமல் நிற்க முடியுமா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை அவர் எழுந்து நடக்கும்போதும் அவள் கை தானாக நீளும், அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஊருக்கு உபதேசம் செய்தது போதும், இப்போது நீ செய்து காட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

செய்து காட்ட வேண்டிய நாள் மழை விட்ட ஒரு காலையில் வந்தது. அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் கையில் டம்ளரோடு உள்ளே வந்து, அடுப்புப் பக்கம் திரும்பினார். இடது கால் எழும்பவில்லை. அவள் பார்த்துவிட்டாள். இரண்டடி தூரம். எட்டினால் பிடித்துவிடலாம்.

அவருடைய கண் தரைக்குப் போனது. மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைக் கண்டுபிடித்தது. டம்ளரைத் தூரமாக விட்டார், அது உருண்டு போனது. மூச்சு வெளியே வரும் சத்தம் கேட்டது. அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை நெரிக்க, நின்றாள். கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள். தலை தரையைத் தொடவே இல்லை.

அவள் வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு." பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "ரெண்டு."  மூன்றைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது, ஆனால் சொன்னாள்.

அவர் தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்தார். "எங்கயும் வலி இல்ல" என்றார். பிறகு, "எப்படி இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. அதைத் துடைக்காமலே கையைப் பின்னாலிருந்து எடுத்து அவருக்கு நீட்டினாள். "ஒரு தடவை போதும். எழுந்திரிங்க."